ஃபியூஸ் எப்போது போகிறது?

பர்மாவில் எங்கள் ஊரான மோல்மேனில் மழை பிடித்துவிட்டால் நிறைய வண்டிகளில் பேட்டரி மூடியைத் திறந்து பார்த்தால் போதும், ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள் சுருண்டு கிடக்கும். அதன் மேல் கறுப்பு டேப்பை ஒரு சுற்று சுற்றி, இப்போதைக்கு ஓடட்டும் என்று விட்டிருப்பார்கள். அந்த இப்போதைக்கு அடுத்த திஞ்சான், அதாவது ஏப்ரல் தண்ணீர்த் திருவிழா, வரைக்கும் நீளும். கொஞ்சம் விவரமான ஆளாக இருந்தால் பழைய ஒயரிலிருந்து நாலைந்து செம்பு இழையை உருவி முறுக்கி வைத்திருப்பார். அது இன்னும் மோசம், ஏனென்றால் வெள்ளித்தாளாவது சில சமயம் கருகிப் போகும், முறுக்கின செம்பு போகவே போகாது.

ஃபியூஸ் எதைக் காப்பாற்றுகிறது என்று கேட்டால் பேட்டரியை, பல்பை, ஸ்பார்க் கொடுக்கும் சிடிஐ பெட்டியை என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அது காப்பாற்றுவது ஒயரை. நம்முடைய 110, 125 சிசி வண்டிகளில் ஓடும் ஒயர்கள் மெல்லியவை, அவற்றின் தாங்குசக்தியைப் பார்த்துத்தான் கம்பெனிக்காரன் 10 அல்லது 15 ஆம்பியர் என்று போட்டிருப்பான். பேட்டரி சின்னதுதானே, 5 ஆம்பியர்-ஹவர்தானே என்று நினைக்க வேண்டாம், பிளஸ்ஸும் எர்த்தும் (வண்டிச் சட்டத்தோடு இணைந்த மைனஸ் பக்கம்) நேராகத் தொட்டுக்கொண்டால் அந்தச் சின்னப் பேட்டரியும் ஒரு நொடியில் பல பத்து ஆம்பியரைத் தள்ளும். ஃபியூஸ் இல்லையென்றால் வழியில் எது மெல்லியதோ அதுதான் ஃபியூஸ். பெரும்பாலும் அது ஹார்னஸ் கட்டுக்குள் நடுவில் ஓடும் ஒரு ஒயர், அது உருகும்போது பக்கத்தில் இருக்கும் பத்து ஒயரின் தோலையும் சேர்த்து உருக்கிவிட்டுத்தான் ஓயும். இந்த வகை வண்டிகளில் பெட்ரோல் டேங்க் சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஃபியூஸ் போய்விட்டது, புதிதாகப் போட்டால் அதுவும் போகிறது. என்ன செய்வது?

என்னிடம் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, எப்போது போச்சு என்றுதான். உடனே "நேத்து" என்பார்கள். அது இல்லை. சாவி போட்டவுடனா, பிரேக் பிடித்தபோதா, இண்டிகேட்டர் போட்டபோதா, ஹேண்டிலை ஒடித்தபோதா, பள்ளத்தில் இறங்கினபோதா, அல்லது ஒன்றுமே செய்யாமல் பத்து நிமிடம் ஓட்டின பிறகா? இதற்குப் பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. எங்கே ஷார்ட் என்று தேடப் போனால் வண்டி முழுக்க ஒயர்தான், பிளாஸ்டிக்கை எல்லாம் கழற்றி மாட்டுவதற்குள் நாலு கிளிப்பு உடையும். எப்போது என்று கேட்டால் வண்டியே வழி சொல்லும். நல்ல மெக்கானிக் பட்டறைகளில் கவனித்துப் பாருங்கள், சயா, அதாவது மூத்த மெக்கானிக், ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் வெற்றிலையை மென்றுகொண்டு கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருப்பார். அவசரக்காரப் பையன் அதற்குள் லெக் ஷீல்டைக் கழற்றியிருப்பான்.

போன ஃபியூஸைத் தூக்கி எறியாதீர்கள். பழைய சீன வண்டிகளில் கண்ணாடிக் குழாய் ஃபியூஸ் வரும், அது நிறைய சொல்லும். உள்ளே கண்ணாடி கறுத்து, அல்லது கண்ணாடி மாதிரியே பளபளவென்று பூச்சு படிந்திருந்தால் பலமான ஷார்ட், கம்பி ஆவியாகவே போயிருக்கிறது. கண்ணாடி சுத்தமாக இருந்து கம்பி நடுவில் மட்டும் விட்டிருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக லோடு கூடிப் போயிருக்கிறது. ஓரத்தில், மூடியை ஒட்டி விட்டுப் போயிருந்தால் ஃபியூஸ் பிடிக்கும் கவ்வி தளர்ந்து அங்கேயே சூடாகியிருக்கிறது, ஒயரில் தப்பே இருக்காது. தாய்லாந்து வண்டிகளின் தட்டை ஃபியூஸிலும் இதைப் பார்க்கலாம், கறுப்புப் புகை படிந்திருக்கிறதா அல்லது பாலம் மட்டும் விட்டிருக்கிறதா என்று. நிறத்தையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: பழுப்பு 7.5, சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20. சிவப்பு இருந்த இடத்தில் மஞ்சளைச் செருகுவதும் வெள்ளித்தாளுக்குத் தம்பி முறைதான்.

இன்னொன்று, 10 ஆம்பியர் ஃபியூஸ் 10 ஆம்பியரில் போகாது. தட்டை ஃபியூஸுக்குள்ள பொதுவான கணக்குப்படி 20 ஆம்பியர் ஓடினால் அதிகம் போனால் 5 விநாடி தாங்கும், 13.5 ஓடினால் ஒரு விநாடியிலும் போகலாம், பத்து நிமிடம் வரைக்கும் இழுக்கலாம். ஆகவே சாவி போட்டதும் பட்டென்று போவதும், முடோன் ரோட்டில் நிம்மதியாக ஓடிக்கொண்டிருக்கும்போது போவதும் ஒரே நோய் இல்லை. முதலாவதில் எங்கோ ஒயர் எர்த்தைத் தொடுகிறது. இரண்டாவதில் பெரும்பாலும் யாரோ எதையோ கூடுதலாக மாட்டியிருக்கிறார்கள்.

சாவியே போடாதபோது, பேட்டரி மாட்டினவுடன் போகிறதா? அப்படியென்றால் சாவி ஸ்விட்சுக்கு முன்னால் இருக்கும் பகுதி மட்டும்தான் விசாரணைக்கு வரும், அதாவது ஃபியூஸிலிருந்து சாவி வரைக்கும் போகும் ஒயரும், இன்ஜின் தரும் ஏசி கரண்டைப் பேட்டரிக்கு ஏற்ற டிசியாக மாற்றும் ரெக்டிஃபையரும். ரெக்டிஃபையரின் கப்ளரை, அதாவது ஒயர்கள் செருகும் இணைப்பை, பிடுங்கிவிட்டுப் பாருங்கள், போகவில்லையென்றால் உள்ளே டையோடு ஷார்ட். அதற்கும் முன்னால் பேட்டரியை ஒரு பார்வை பாருங்கள். இங்கே கரண்ட் வரும் நேரம் பார்த்துக் கடையில் பேட்டரியைச் சார்ஜ் போட்டு வாங்கி வருகிறோம், இருட்டில் மாட்டுகிறோம், சிவப்பும் பச்சையும் மாறிவிடுகிறது. மாற்றி மாட்டினால் ரெக்டிஃபையர் டையோடு வழியாகவே முழு கரண்டும் பாயும், ஃபியூஸ் அந்தக் கணமே போகும். அது போனது உங்கள் நல்ல நேரம்.

எங்கள் தெருவில் ஒரு தம்பதி, நெல் மண்டியில் கணக்கு எழுதுகிற அண்ணன், அவர் சம்சாரம். திஞ்சான் முடிந்த கையோடு அவர்கள் வண்டியில் ஃபியூஸ் போக ஆரம்பித்தது. தண்ணீர் புகுந்திருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நினைப்பேன், ஏப்ரலில் அந்த நாலைந்து நாள் வண்டியில் போகிறவன் மேல் வாளி வாளியாக ஊற்றுகிற ஊர் இது. கடையில் விட்டு ஊதிக் காயவைத்து வாங்கினார், ஒரு வாரம் ஒன்றுமில்லை, அப்புறம் மறுபடி. அண்ணன் மண்டிக்கும் வீட்டுக்கும் தனியாகப் போய் வரும்போது வண்டி ஒழுங்காக ஓடும். வெள்ளிக்கிழமை அக்காவை ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போனால் திரும்பி வரும்போது பகோடா மேட்டு இறக்கத்தில் வண்டி செத்துப்போகும்.

"தம்பி, நான் உட்கார்ந்தா ஃபியூஸ் போகுதுன்னு இவரு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறாரு. என் எடைக்கும் கரண்டுக்கும் என்ன சம்பந்தம், நீங்களே கேளுங்க" என்று அக்கா சண்டைக்கு வந்துவிட்டார். அண்ணன் சிரித்துக்கொண்டே நின்றார். சிரிப்பதற்கு ஒன்றுமில்லை, அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. அக்கா சொன்னதில் அதைவிட விஷயம் இருந்தது, ஏனென்றால் எங்கே போகும், எப்படிப் போகும் என்று கேட்டபோது அவர்தான் சரியாகச் சொன்னார்: ஏறும்போது போகாது, இறங்கும்போதுதான் போகும், இவர் பிரேக்கை அமுக்கிக்கொண்டே இறங்குவார். ஆக ஆள் பின்னால் இருக்க வேண்டும், பிரேக்கும் பிடிக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் போகிறது. பின்பக்கம் ஓடுகிற ஒயர்களில் பிரேக் பிடித்தால் மட்டும் உயிர் வருவது ஒன்றே ஒன்றுதான், பிரேக் லைட்டுக்குப் போகிற பச்சையில் மஞ்சள் கோடு போட்ட ஒயர்.

இங்கே டெஸ்ட் பல்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஷார்ட் தேடும்போது ஒவ்வொரு தடவையும் புது ஃபியூஸைப் போட்டு எரிப்பது காசைக் கரியாக்குகிற வேலை. காருக்குப் போடுகிற 21 வாட் பல்பு ஒன்றை வாங்கி, இரண்டு ஒயர் பற்றவைத்து, முனையில் ஃபியூஸ் கவ்வியில் நுழைகிற மாதிரித் தகடு வைத்துக்கொள்ளுங்கள். ஃபியூஸைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இதைச் செருகினால், உள்ளே எப்பேர்ப்பட்ட ஷார்ட் இருந்தாலும் பல்பு வழியாக 2 ஆம்பியருக்கு மேல் போகாது. எதுவும் எரியாது, எதுவும் உருகாது, நிதானமாக வேலை செய்யலாம். ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். ஷார்ட் இல்லாமல் நியாயமான லோடு மட்டும் இருந்தால் மங்கலாக எரியும், அல்லது எரியாமலே இருக்கும். பல்பு எரிந்துகொண்டிருக்கும்போது கப்ளர் ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள், எதைப் பிடுங்கினால் அணைகிறதோ அந்தக் கிளையில்தான் ஷார்ட். அப்புறம் அந்தக் கிளையை மட்டும் கையால் வளைத்து, ஆட்டி, அமுக்கிக்கொண்டே போக வேண்டும், பல்பு கண்ணடிக்கிற இடம்தான் இடம்.

அண்ணன் வண்டியில் பல்பைச் செருகி, சாவி போட்டு, பிரேக்கை மிதித்தேன். டெஸ்ட் பல்பும் பிரேக் லைட்டும் இரண்டும் அரைகுறையாக எரிந்தன, ஒரே வழியில் ஒன்றன் பின் ஒன்றாக இருப்பதால் வெளிச்சத்தைப் பங்குபோட்டுக்கொள்ளும், அது சரியான அறிகுறி. பின் சீட்டில் இரண்டு கையையும் வைத்து அழுத்தச் சொன்னேன். பிரேக் லைட் அணைந்தது, டெஸ்ட் பல்பு பளிச்சென்று எரிந்தது. கையை எடுத்தால் மறுபடி இரண்டும் மங்கல். அண்ணன் குழந்தை மாதிரித் திரும்பத் திரும்ப அமுக்கிப் பார்த்தார். சீட்டைத் தூக்கினால், அடித்தகட்டில் பின்னால் இருக்கும் ரப்பர் குமிழுக்கு நேர் கீழே, சேசிஸ் குழாயின் வெல்டிங் முண்டின் மேல் அந்த ஒயர் படுத்திருந்தது. தோல் உரிந்து அரிசி அளவுக்குச் செம்பு தெரிந்தது, பக்கத்தில் பெயின்ட் போய் இரும்பில் கறுப்பாக ஒரு சுட்ட தடம். திஞ்சானுக்கு முன்னால் பின் கேரியர் மாட்டுவதற்காக யாரோ மட்கார்டைக் கழற்றியிருக்கிறார்கள், திரும்ப மாட்டும்போது ஒயரைக் கிளிப்புக்குள் போடவில்லை. தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அக்காவின் எடைக்கு இருந்தது, அதை நான் சொல்லவில்லை.

ஒயர் நிறம் தெரிந்தால் இந்த மாதிரி வேலை சுலபம். எல்லை ஊரான மியாவதி வழியாக வருகிற தாய்லாந்து ஹோண்டாக்களிலும், அதைப் பார்த்துச் செய்த சீன வண்டிகள் பெரும்பாலானவற்றிலும் பச்சை எர்த், சிவப்பு பேட்டரி பிளஸ், கறுப்பு சாவிக்குப் பிறகு வரும் பிளஸ். ஆரஞ்சு இடது இண்டிகேட்டர், வெளிர்நீலம் வலது, வெளிர்பச்சை ஹாரன். யமஹாவில் கறுப்புதான் எர்த். ஹோண்டா பழக்கத்தில் அங்கே போய்க் கறுப்பைப் பிளஸ் என்று நினைத்து எதையாவது இணைத்தால் கதை கந்தல்.

இன்னொரு குழப்பம். ஃபியூஸ் போனாலும் சில வண்டிகளில் உதைத்தால் இன்ஜின் ஓடும், ஹெட்லைட்டும் எரியும். அதைப் பார்த்துவிட்டு ஃபியூஸ் நன்றாகத்தான் இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பழைய வகைகளில் ஹெட்லைட்டுக்குக் கரண்ட், இன்ஜின் சுற்றும்போது கரண்ட் உண்டாக்கும் மேக்னெட் காயிலிலிருந்து நேராக வருகிறது, பேட்டரி வழியாக வருவதில்லை, அதனால்தான் இன்ஜின் ஓடினால்தான் அது எரியும், ஆக்சிலேட்டர் முறுக்கினால் வெளிச்சம் கூடும். ஏசி சிடிஐயும் அப்படியே, அதற்குப் பேட்டரி வேண்டாம். பேட்டரியில் ஓடும் டிசி சிடிஐ வண்டி ஃபியூஸ் போனால் நடுரோட்டில் நிற்கும், அண்ணன் வண்டி அந்த வகை. உங்கள் வண்டி எந்த வகை என்று ஒரு நாள் வீட்டு வாசலில் வைத்து ஃபியூஸைக் கழற்றிவிட்டு உதைத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள், தான்லுவின் ஆற்றுப் பாலத்து நடுவில் தெரிந்துகொள்ள வேண்டாம்.

மழைக்கு வருகிறேன். எங்கள் ஊரில் ஆண்டுக்கு 4000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது, சென்னையில் பெய்வதைப் போல மூன்று மடங்கு, அதில் பெரும்பகுதி மே முடிந்து அக்டோபருக்குள். ஆனால் மழைத் தண்ணீர் உடனே ஃபியூஸை எரிப்பது அபூர்வம், 12 வோல்ட்டில் தண்ணீர் வழியாகப் பாயும் கரண்ட் சொற்பம். தண்ணீர் செய்கிற வேலை மெதுவானது. கப்ளருக்குள் தங்கி, செம்பில் களிம்பு பிடிக்கவைத்து, இணைப்பைக் கெடுக்கும். எர்த் ஒயர் சேசிஸில் மாட்டியிருக்கும் போல்ட்டுக்கு அடியில் துரு ஏறும். அப்போது ஃபியூஸ் நன்றாகத்தான் இருக்கும், வண்டிதான் பேய் பிடித்த மாதிரி நடந்துகொள்ளும்: இடது இண்டிகேட்டர் போட்டால் மீட்டர் லைட்டும் சேர்ந்து மினுக்கும், பிரேக் பிடித்தால் ஹாரன் குரல் கம்மும். ஒரு சாமானைப் போட்டால் சம்பந்தமில்லாத இன்னொன்று ஆடுகிறது என்றால் எர்த்தைப் பாருங்கள். போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினால் முடிந்தது. வீட்டிலேயே செய்யலாம், செலவு கிடையாது. பிரஷர் பம்ப்பில் வண்டி கழுவுகிறவர்களிடம் ஹேண்டில் ஸ்விட்ச் பக்கம் காட்டாதீர்கள் என்று சொல்லிப் பார்க்கிறேன், கேட்பதில்லை.

கூடுதல் சாமான்களைப் பற்றி எனக்கு வருத்தம் உண்டு. இரண்டு எல்இடி விளக்கு, ஒரு போன் சார்ஜர், கப்பல் மாதிரிக் கத்துகிற ஒரு ஹாரன், எல்லாவற்றையும் சாவி ஸ்விட்சின் கறுப்பு ஒயரிலேயே தோலைச் சீவிச் சுற்றிவிடுகிறார்கள். பிரேக் லைட் 18 வாட், ஒன்றரை ஆம்பியர். இண்டிகேட்டர் இரண்டு பல்பு சேர்ந்து 20 வாட், ஒன்றே முக்கால். கம்பெனி ஹாரன் இரண்டு ஆம்பியர் பக்கம். இதற்கெல்லாம் 10 ஆம்பியர் தாராளம். அந்தக் கப்பல் ஹாரன் ஒன்றே அதை விழுங்கிவிடும். வேண்டுமென்றால் பேட்டரியிலிருந்து தனி ஒயர், அதற்குத் தனி ஃபியூஸ், நடுவில் ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச்) என்று போட்டுக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. ரங்கூன் நகரத்துக்குள் 2003லிருந்து மோட்டார் சைக்கிளுக்குத் தடை, அங்கிருந்து வருகிற சொந்தக்காரப் பையன்களுக்கு இந்த விளக்கெல்லாம் பார்க்கத் திருவிழா மாதிரி இருக்கிறது, அவர்கள் பாராட்டியே நம் பையன்களைக் கெடுக்கிறார்கள்.

மல்டிமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், மலிவானதே போதும். நிற்கிற வண்டியில் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். இன்ஜினை நிமிடத்துக்கு 5000 சுற்றுக்கு முறுக்கினால் 13.5க்கும் 14.8க்கும் நடுவில் நிற்க வேண்டும். 15ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் சார்ஜ் வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போய்விட்டது, பல்பு அடிக்கடி போவதற்கும் பேட்டரி உப்புவதற்கும் அதுதான் காரணம். ஏறவே இல்லையென்றால் முதலில் ரெகுலேட்டர் கப்ளரைப் பிடுங்கி உள்ளே பாருங்கள், மஞ்சளாகிக் கருகின பிளாஸ்டிக் தெரியும், அநேகமாக அதுவே வியாதி.

அண்ணன் வண்டி ஒயரை எப்படிச் சேர்த்தேன் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஷார்ட்டைக் கண்டுபிடித்தவர்களும் இந்த இடத்தில் கோட்டை விடுகிறார்கள். அன்று கரண்ட் இல்லை. ஈயம் பற்றவைக்கும் பழைய செம்பு முனைக் கோலைக் கரி அடுப்பில் சூடாக்கினோம். அடிபட்ட இடத்தை வெட்டி, இரண்டு முனையையும் ஒரு விரல் நீளம் தோல் உரித்து, ஒன்றுக்குள் ஒன்று இழை இழையாக நுழைத்து முறுக்கி, ஈயம் உள்ளே இழுக்கிற வரைக்கும் மட்டும் சூடு காட்டினேன். அதிகம் ஈயம் விட்டால் ஒயர் கம்பி மாதிரி விறைத்து, விறைப்பு முடிகிற இடத்தில் வண்டி அதிர்ந்து அதிர்ந்து ஒடியும். மேலே சூட்டில் சுருங்கும் பிளாஸ்டிக் குழாய், அதன் மேல் டேப். டேப் மட்டும் போதாது, மே மாத வெயிலில் பசை உருகிக் கழன்றுவிடும். ஹார்னஸை அதன் பழைய கிளிப்புக்குள் திரும்பப் படுக்கவைத்து, வெல்டிங் முண்டை அரத்தால் ராவி, மேலே பழைய டியூபில் ஒரு துண்டு வெட்டிப் போட்டுக் கட்டினேன். அப்புறம் அக்காவை உட்காரவைத்து, பிரேக்கை மிதித்து, டெஸ்ட் பல்பில் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் ஃபியூஸைச் செருகினேன், 10 ஆம்பியர் சிவப்பு. உங்கள் வண்டியிலும் எதையாவது பிரித்துச் சேர்த்தீர்களென்றால், முக்கியமாகக் கழுத்துப் பக்கம் பிளாஸ்டிக் டை போடும்போது, ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பார்த்து ஒயர் எங்கேயும் இழுக்கவில்லை என்று தெரிந்த பிறகு இறுக்குங்கள்.